மகாராணியும் சோம்பேறியும்

ஜனவரி 8, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. போன வருஷம் கொடுத்ததில் என் வீட்டுக்காரர் மோகன் கேஸ் சிலிண்டர் மாத்தின தேதியை மட்டும் எழுதி வெச்சிருந்தார். இந்த வருஷம் நான் பிடுங்கிக்கிட்டேன். லேப் நோட்டில் ரீடிங் எழுதலாம், கோபத்தை எழுத முடியாது. எனக்கு ரீடிங்கை விட அதுதான் ஜாஸ்தி.

பிப்ரவரி 21 அன்னைக்கு எங்க மகாராணி டெஸ்ட் கிட் செய்யற கம்பெனிக்குப் போறாள். மகாராணின்னா ஒரு ஆண்டிபாடி. எலியோட செல்லில் இருந்து நாங்க வளர்த்து எடுத்த புரதம். ரத்தத்தில் டி.எஸ்.எச். ஹார்மோன் இருந்தா ஓடிப்போய்ப் பிடிச்சுக்கும். தைராய்டு சுரப்பியை வேலை வாங்கற ஹார்மோன் அது. சுரப்பி மந்தமாச்சுன்னா இது ஏறும். மகாராணி எவ்வளவு டி.எஸ்.எச். பிடிக்கிறாளோ அவ்வளவு நிறம் வரும், நிறத்தை வெச்சு அளவு சொல்லிடலாம். கோயமுத்தூரில் எங்க லேப் தலைவர் ஜெயசீலன் சார், நான், நஸீமா மூணு பேரும் மூணு வருஷம் கட்டிக்கிட்டு அழுததோட பலன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்ற கர்ப்பிணிகளுக்கு அங்கேயே டெஸ்ட் பண்றதுக்கான கிட்டில் இவளைத்தான் வைக்கப் போறாங்க.

பேர் வெச்சது நஸீமா. எங்ககிட்ட இருந்த செல்களிலேயே வேகமா வளர்ந்தது, பளிச்னு நிறம் கொடுத்தது இதுதான். இன்னொண்ணும் இருந்தது. வளரவே வளராது, நிறமும் சோகை பிடிச்ச மாதிரி. அதுக்கு சோம்பேறின்னு பேர் வெச்சு, உறைய வைக்கற நைட்ரஜன் கேனுக்குள் போட்டு மூடிட்டோம்.

இன்னைக்கு என் ரீடிங் 3.4, நாலு வரைக்கும் நார்மல். திங்கக்கிழமை ஆனா நஸீமா என் கையில் ஊசி குத்துவாள். புது ரத்தத்தில் மகாராணி ஒழுங்கா வேலை செய்யறாளான்னு பார்க்க ஒரு நார்மல் ஆள் வேணும். எந்த லேபில் கேட்டாலும் இதுதான் வழக்கம், இருக்கறவங்களே கையை நீட்டிக்குவோம். மூணு வருஷமா அந்த நார்மல் நான்தான். குழாயில் ஒட்டற லேபிளையே 'நார்மல், கோகிலவாணி'ன்னு அச்சடிச்சு வெச்சிருக்கோம்.

ஒரு சொல்லை மட்டும் இதில் எழுதறதா இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷமா, பந்தியில் இலை முன்னாடி உட்கார்ந்ததும் யாராவது கேட்கற கேள்வியில் வர்ற சொல்.

ஜனவரி 15, பொங்கல்

லேபுக்கு லீவு. செல்லுக்கு ஏது லீவு. பொங்கல் வெச்சுட்டு ஒரு நடை போய் மகாராணிக்குத் தீனி மாத்திட்டு வந்தேன். "பண்டிகை நாள்லயும் எலிக்குச் சோறு போடப் போறயாக்கும்" அப்படின்னாங்க அத்தை. எலி இல்லைங்கத்தை, செல்லுன்னேன். ரெண்டும் ஒண்ணுதான்னுட்டாங்க.

ஜனவரி 22, திங்கள்

3.3. மத்தபடி எழுத ஒண்ணுமில்லை.

ஜனவரி 29, திங்கள்

3.1. டவுன் பஸ்ஸில் நின்னுக்கிட்டே தூங்கி சிங்காநல்லூரைத் தாண்டிப் போயிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பினார். வயசாகுதுன்னு நினைக்கிறேன். முப்பத்தாறு எல்லாம் ஒரு வயசா.

பிப்ரவரி 5, திங்கள்

2.0.

ஒரு வாரத்தில் இவ்வளவு இறங்காது. நஸீமா டெஸ்ட் தட்டோட குழியைச் சரியாக் கழுவலைன்னு அவளைத் திட்டினேன். மறுபடி ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினோம். 2.0. அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரி, நான் திட்டினது தப்புதான்.

கேன்டீனில் கடுகு தாளிச்சாலே எனக்குக் குமட்டுது. எண்ணெயை மாத்திட்டாங்க போல.

பிப்ரவரி 12, திங்கள்

0.6.

ஃப்ரீசரில் இருக்கற, மத்தவங்க ரத்தத்தில் இருந்து பிரிச்ச பழைய சீரம் எல்லாம் சரியா வருது. நஸீமாவோடது சரி. வாட்ச்மேனோடது சரி. என்னோடது மட்டும் கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி இறங்குது. சார்கிட்டப் போனேன். ஏதோ கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தார்.

"வேற ஒரு ஆள நார்மலா வச்சுக்கோம்மா" அப்படின்னார். "உன் ரத்தத்துல எதோ கோளாறு. மகாராணியில ஒண்ணும் இல்ல, கேட்டியா."

ஒன்பது நாள்தான் இருக்குன்னு அவருக்கு அவசரம். மே மாசம் ரிட்டயர் ஆகறார். ஆனா எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துட்டது. மூணு வருஷமா என் ரத்தத்தை வெச்சுத்தானே மகாராணியை ராணி ஆக்கினீங்க, இப்ப அது கோளாறு ஆயிடுச்சா. சொல்லலை. சாப்பாட்டு டப்பாவை வேகமா மூடினேன், அவ்வளவுதான்.

வீட்டில் மோகன்கிட்டப் புலம்பினேன். இவர் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் செக்ஷன். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: "நல்லா ஓடற மோட்டாருக்கு மீட்டர் தப்பாக் காட்டுச்சுன்னா, நாங்க மோட்டாரைக் கழட்ட மாட்டோம் கோகி. வேற மீட்டர் வெச்சுப் பார்ப்போம்."

இத்தனை படிச்சு என்ன புண்ணியம். ரெண்டு வேற வேற டெஸ்ட் ஒரே பதில் சொன்னாத்தான் நம்பணும்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கறவள் நான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

நேத்து எடுத்த ரத்தத்தையே ஆஸ்பத்திரி மெஷினுக்குக் கொடுத்தேன். சாயங்காலம் மெசேஜ் வந்தது.

7.8.

மகாராணி 0.6ன்னு சொன்ன அதே குழாய்.

பிப்ரவரி 14, புதன்

நஸீமாவோட சீரம் 2.2. என்னோடது ஆஸ்பத்திரிக் கணக்கில் 7.8. பாதிக்குப் பாதி கலந்தா 5 வரணும். கலந்து மகாராணிகிட்டக் கொடுத்தோம். வந்தது 0.5.

அப்போ என் ரத்தத்தில் என்னமோ ஒண்ணு மகாராணியை மறிக்குது. அது நஸீமாவோட ரத்தத்தையும் சேர்த்துக் கெடுக்குது. எனக்கு ஏதோ பெரிய வியாதின்னு முடிவு பண்ணிட்டு, வியாதிப் பேர்களை வரிசையா பேப்பரில் எழுத ஆரம்பிச்சேன். நஸீமா கையுறையைக் கழட்டிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு டேட் எப்ப?"

எனக்கு எப்பவுமே முன்னப் பின்னதான்னேன். அதையெல்லாம் பார்க்கறதை விட்டு ரெண்டு வருஷமாச்சு, மாத்திரை ஊசி எல்லாத்தையும் நிறுத்தினப்பவே விட்டாச்சுன்னேன். தெரியலைன்னேன். கத்திச் சொன்னேன்னு நினைக்கிறேன், வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 15, வியாழன்

தெரிஞ்ச மெடிக்கலுக்குப் போகலை. நேத்து சாயங்காலம் ரெண்டு பஸ் மாறிப் போய் நாலு கர்ப்ப டெஸ்ட் கார்டு வாங்கினேன். அந்தக் கார்டிலும் இருக்கறது ஆண்டிபாடிதான், எங்களை மாதிரி யாரோ செஞ்சது. அதனால் ஒரு கோட்டையும் ரெண்டு கோட்டையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது. கண்ட்ரோல் வேணும், இல்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒருத்தரோடது.

காலையில் மோகன்கிட்ட ஒரு டம்ளரை நீட்டினேன்.

"எதுக்கு?"

"கண்ட்ரோல். கேள்வி கேட்காம பாத்ரூம் போய்ட்டு வாங்க."

போனார். பாவம், கேட்டதில்லை ஒரு நாளும். அவரோடதில் ரெண்டு கார்டு, என்னோடதில் ரெண்டு கார்டு, வாஷிங் மெஷின் மேலே வரிசையா வெச்சேன். அவரோடது ஒரு கோடு, ஒரு கோடு. என்னோடது ரெண்டு, ரெண்டு.

மோகன் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் தொடைச்சார், தொடைச்சுக்கிட்டே இருந்தார். எனக்குச் சந்தோஷம் வரலை. பயம்தான் வந்தது. முன்னாடி ரெண்டு தடவை எல்லார்கிட்டயும் சொல்லி, ரெண்டு தடவையும் கலைஞ்சுபோச்சுன்னு நானே திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. மூணு மாசம் முடியற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக் கூடாது, அத்தைக்கும்தான்னு மோகன்கிட்டச் சத்தியம் வாங்கினேன். நஸீமா விஷயம் வேற. அவள் எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மா 7.8ஐப் பார்த்ததும் மாத்திரை எழுதினாங்க. நாளைக்குக் காலையில் இருந்தே வெறும் வயித்தில் போடணும். "வயித்துல இருக்கறதுக்கு மூளை வளர்றதுக்கு உங்க தைராய்டுதான் வேணும், தள்ளிப் போடாதீங்க"ன்னாங்க. அப்புறம் கேட்டாங்க: முன்னாடி ரெண்டு தடவையும் தங்கினதுக்கு அப்புறம் தைராய்டு பார்த்தாங்களா?

பார்க்கலை. அதுக்கு முன்னாடி பார்த்தாங்க, நார்மல்னாங்க.

இதுக்கு மேலே இன்னைக்கு எழுத முடியலை.

பிப்ரவரி 16, வெள்ளி

இப்பப் புரிஞ்சது. டி.எஸ்.எச்.சுக்கு ரெண்டு துண்டு. கர்ப்பத்தில் சுரக்கற எச்.சி.ஜி. ஹார்மோனுக்கும் ரெண்டு துண்டு. அதில் ஒரு துண்டு ரெண்டுக்கும் அச்சு அசல் ஒண்ணு. மகாராணி பிடிக்கிறது அந்தப் பொதுத் துண்டை. மத்தவங்க ரத்தத்தில் எச்.சி.ஜி. இல்லை, அதனால் சரியா இருந்தது. கர்ப்பிணி ரத்தத்தில் அது கொட்டிக் கிடக்கும். காந்திபுரத்திலேயே பஸ் ஸீட்டெல்லாம் நிரம்பிட்டா அடுத்த ஸ்டாப்பில் நிக்கற டி.எஸ்.எச். எங்கே உட்காரும். நிறம் கொடுக்கற இன்னொரு ஆண்டிபாடி டி.எஸ்.எச்.சில் மட்டும்தான் ஒட்டும், அதனால் நிறம் வராது. அளவு குறைவுன்னு காட்டும்.

எச்.சி.ஜி. கலந்து நாங்க பார்க்காம இல்லை. ஒரு சொட்டுக் கலந்து பார்த்தோம். கர்ப்பத்தில் சொட்டா இருக்கு?

அதை விடக் கேவலம் இன்னொண்ணு. மூணு வருஷத்தில் எத்தனையோ பேர் ரத்தம் பார்த்தோம். ஹாஸ்டல் பொண்ணுங்க, பசங்க, டிரைவர்கள், சாரோட மாமனார் வரைக்கும். மாசமா இருக்கற பொண்ணுகிட்ட ரத்தம் கேட்க எங்க யாருக்கும் வாய் வரலை. கேட்ட ஒரு வீட்டிலும் மாமியார் கதவைச் சாத்திட்டாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டோம். கர்ப்பிணிகளுக்கான டெஸ்ட், கர்ப்பிணியைத் தவிர ஊரில் எல்லாரையும் பார்த்து முடிச்சாச்சு.

நான் மட்டும் சுகாதார நிலையத்தில் இந்தக் கிட்டுக்குக் கை நீட்டியிருந்தா 0.6, ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பியிருப்பாங்க.

இந்த மகாராணி வெளியே போகக் கூடாது. போக விட மாட்டேன்.

பிப்ரவரி 17, சனி

கர்ப்பம் தங்கறதுக்குப் போடற எச்.சி.ஜி. ஊசி மெடிக்கலில் கிடைக்கும். எனக்கு அது பழைய சிநேகம், எத்தனை போட்டிருப்பேன். ஒண்ணு வாங்கிட்டு வந்து நஸீமாவோட சீரத்தில் கலந்தோம். 2.2 இருந்தது 0.4 ஆச்சு. சாருக்குக் காட்டினேன்.

"குழாயில மருந்தக் கலந்தா எதுவும் ஆகும்மா. அதுவும் போக, கர்ப்பத்துல டி.எஸ்.எச். இயற்கையாவே கொறயும், புஸ்தகத்துல இருக்கு. உண்மையான கர்ப்பிணி ரத்தம் உண்டா உங்கிட்ட? இல்லல்ல. திங்கக்கிழம கம்பெனி ஆள் வாறாரு. கொழப்பாத."

உண்டு சார். வாய் வரைக்கும் வந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

மோகன் சொன்னார், சத்தியம் வாங்கினது நீதான், வேண்டாம்னாலும் நீதான் சொல்லணும்னு. நாள் பூரா துணி மடிச்சேன். மடிச்சதையே பிரிச்சு மடிச்சேன். சொல்லிட்டு அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா? மறுபடியும் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்க்கணும். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

சொல்லாம விட்டா எவளோ ஒருத்தி கை நீட்டுவாள்.

பிப்ரவரி 19, திங்கள்

கம்பெனியில் இருந்து கிருஷ்ணபிரசாத்னு ஒருத்தர், டை கட்டிக்கிட்டு. சார் பக்கத்தில். எதிரில் நான். என் ரீடிங் எல்லாத்தையும் போர்டில் எழுதினேன். 3.4 தொடங்கி 0.6 வரைக்கும். பக்கத்தில் 7.8.

சார் ஆரம்பிச்சார்: "இது வந்து, ஒரே ஒரு நார்மல் சாம்பிள்ல மட்டும்..."

"நார்மல் இல்லைங்க சார்" அப்படின்னேன். "நீங்க கேட்டீங்களே உண்மையான கர்ப்பிணி ரத்தம், அது இதுதான். நான்தான். ஏழாவது வாரம். 7.8ங்கறதும் உண்மை, மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கேன். நம்ம கிட்டைப் பார்த்திருந்தா போட்டிருக்க மாட்டேன்."

சாக்பீஸைக் கீழே வெச்சேன்.

கிருஷ்ணபிரசாத் டையைத் தளர்த்திக்கிட்டு, வாழ்த்துக்கள் மேடம்னு சொல்லலாமா வேண்டாமான்னு முழிச்சார். சார் போர்டைப் பார்த்தார். எனக்கு ரெண்டு தடவை ஆனதும் அவருக்குத் தெரியும், அப்ப லீவ் லெட்டரில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். எழுந்து போய் 21ஆம் தேதின்னு போர்டு ஓரத்தில் எழுதியிருந்ததை அவரே அழிச்சார்.

"கேன்ல வேற என்ன கெடக்கு?" அப்படின்னார்.

"சோம்பேறி இருக்கு சார்."

"எடு அத. ஏப்ரல் வரைக்கும் டயம் நான் பேசிக்கறேன்." அப்புறம் நஸீமாவைப் பார்த்து, "கேன இவள தூக்க விடாத, கேட்டியா"ன்னார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சோம்பேறியை எழுப்பியாச்சு. பாதிச் செல் செத்துப் போயிருக்கு. மீதிப் பாதி உயிரோட இருக்கான்னு கேட்டா, இருக்கு, படுத்துக்கிட்டு இருக்கு.

பிப்ரவரி 26, திங்கள்

மாடியில் இருக்கற ஆபீஸ் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. லிஃப்டில் எல்லாரும் என் வயித்தைப் பார்க்கறாங்க. கணக்குப் பிரிவு தேன்மொழி கதவைச் சாத்திட்டு வந்து, "எனக்கும் ரெண்டு மாசம் மேடம், வீட்ல யாருக்கும் சொல்லல. ரத்தம் வேணும்னா எடுத்துக்குங்க" அப்படின்னாள். சாயங்காலம் நஸீமா, மாசமா இருக்கற அவளோட அண்ணி பர்வீனைக் கூட்டிக்கிட்டு வந்தாள். மூணு வருஷமா கிடைக்காத ரத்தம். ஒருத்தி வாயைத் திறந்தா போதும் போல.

மார்ச் 2, சனி

காலையில் கறை பட்டது. கொஞ்சம்தான்.

மார்ச் 3, ஞாயிறு

படுத்திருக்கச் சொல்லியிருக்காங்க. அத்தைக்கு மோகன் சொல்லிட்டார். அத்தை ரசம் சாதத்தைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாங்க. அழுதேன். அவங்களும் அழுதாங்க.

மார்ச் 5, செவ்வாய்

நின்னுட்டது. இன்னும் எழுந்திருக்கக் கூடாது. நஸீமா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாள். சோம்பேறி எப்படி இருக்குன்னேன். "உங்கள மாதிரியேதாங்க்கா, படுத்திருக்கு. ஆனா வளருது" அப்படின்னாள்.

மார்ச் 14, வியாழன்

எழுந்து நடக்கறேன். லேபுக்குப் போனேன். ஸ்டூலுக்குப் பதிலா முதுகு வெச்ச நாற்காலி போட்டிருக்கு. யார் போட்டதுன்னு கேட்டதுக்கு சார் ஜன்னலைப் பார்த்தார்.

சோம்பேறியைத் தட்டில் பூசி நான், தேன்மொழி, பர்வீன் மூணு பேர் ரத்தத்தையும் ஊத்தினோம். நிறம் வர இவளுக்கு மகாராணியை விட ரெண்டு மடங்கு நேரம். வந்தது. என்னோடது 4.1, ஆஸ்பத்திரி மெஷின் 4.0. தேன்மொழி 1.8, ஆஸ்பத்திரி 1.7. எச்.சி.ஜி. ஊசியை முழுசாக் கலந்தும் கொடுத்தோம். அசையலை. சோம்பேறி பிடிக்கிறது டி.எஸ்.எச்.சுக்கு மட்டுமே உள்ள துண்டை.

பர்வீனோடது மகாராணியில் 0.5. சோம்பேறியில் 9.6.

நஸீமா கையில் இருந்த பேனாவைக் கீழே வெச்சாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், 9.4. நானே பர்வீனுக்குப் போன் போட்டேன். "நல்லாத்தானே இருக்கேன், கொஞ்சம் அசதி, அவ்வளவுதாங்க" அப்படின்னாள். நானும் அப்படித்தான் பஸ்ஸில் தூங்கினேன்னு சொன்னேன். நாளைக்கே டாக்டரைப் பாரும்மா, நான் கூட வர்றேன்னேன்.

மார்ச் 18, திங்கள்

மகாராணியில் ரெண்டு குழாயை மட்டும் எடுத்து நைட்ரஜனில் போட்டோம். மீதி ஃப்ளாஸ்க் எல்லாத்திலும் பிளீச் ஊத்தினது நான்தான். மூணு வருஷம் தீனி போட்ட கை. கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா ஒண்ணு விடாம ஊத்தினேன்.

புது நார்மல் வேணுமே. சார் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வந்து நின்னார். "சார், நீங்களே தைராய்டு மாத்திரை சாப்பிடறீங்க"ன்னாள் நஸீமா. மடிச்ச கையை இறக்கி விட்டுக்கிட்டுப் போனார். கடைசியில் நஸீமா கையை நீட்டினாள். மூணு வருஷத்தில் முதல் தடவையா நான் அவளைக் குத்தினேன். ரெண்டு தடவை குத்த வேண்டியதாப் போச்சு, திட்டினாள். பிப்ரவரியில் நான் திட்டினதுக்குச் சரியாப் போச்சு.

மார்ச் 25, திங்கள்

சோம்பேறியை ஏப்ரல் பத்தாம் தேதி கம்பெனி வாங்கிக்குது. நிறம் வர நேரமாகுதேன்னு கிருஷ்ணபிரசாத் இழுத்தார். கர்ப்பிணிப் பொண்ணுங்க பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்திருக்கட்டும், அவங்களுக்கும் வேற எங்கே உட்கார நேரம் கிடைக்குதுன்னேன்.

காலையில் லேபில் ரத்தம் கொடுத்தேன். சோம்பேறி 2.4. ஆஸ்பத்திரி 2.4. அங்கேயே ஸ்கேன். மோகன் என் செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு நின்னார், ஏன்னு அவருக்கே தெரியாது. டாக்டரம்மா ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி ஒரு பட்டனைத் தட்டினாங்க. வேகமா, ரொம்ப வேகமா ஒரு சத்தம். நல்லா ஓடற மோட்டார் மாதிரி இருக்குன்னார் மோகன்.

இன்னொரு தடவை போடுங்க டாக்டர்னேன். போட்டாங்க. அதே சத்தம்.

மூணு மாசம் முடிஞ்சது. குழந்தை நல்லா இருக்கு. அந்தச் சொல்லை எழுதிட்டேன்.